மரத்துல முட்டை ஸ்டாண்ட் வீட்லயே செய்யறது: எல்லாரும் கேக்குற கேள்விங்களும் என் பதிலும்

எங்க வீட்டு அடுப்படில, ஜன்னலுக்குக் கீழ, பன்னெண்டு ஓட்டை போட்ட ஒரு பூவரசம்பலகை இருக்கு, அதுல முட்டை நிக்கும். சமாச்சாரம் அவ்ளோதான். ஆனா வீட்டுக்கு வர்ற சொந்தக்காரங்க, பால் ஊத்துறவங்க, எதிர்வீட்டு அத்தை, சீட்டுப் பணம் வாங்க வர்றவரு வரைக்கும் அதையே பாத்துட்டு அதே கேள்விய கேக்குறாங்க, போட்டோ எடுத்துட்டுப் போயி வீட்ல முயற்சி பண்ணிப்புட்டு ராத்திரி பத்து மணிக்கு வாய்ஸ் மெசேஜ் போடுறாங்க. அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன், இனிமே இத அனுப்பிட்டு தூங்கப் போயிடலாம்.

எங்க ஊரு நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவுல. கொல்லைல பதினஞ்சு நாட்டுக்கோழி நிக்குது. நான் ஆசாரி கெடையாது, மொத ஸ்டாண்டு அசிங்கமா தோத்துப்போச்சு, அந்தக் கதை கீழ வரும்.

முட்டைக்கு எதுக்குக்கா ஸ்டாண்டு, கடையில குடுக்குற அட்டை போதாதா?

போதும், ஒரு வாரம் வச்சு சாப்புட்டு அட்டைய தூக்கிப் போடுறவங்களுக்குப் போதும். ஆனா அந்த அட்டை பண்ணையிலேருந்து எச்சம் ஒட்டிக்கிட்டு வருது, ஐப்பசி அடைமழைல ஈரம் குடிச்சு பொதபொதன்னு ஆயிடும், அப்பறம் கரப்பான் முட்டை வைக்கும். மரப்பலகைன்னா தொடைச்சுக்கலாம், அடில காத்து போகும், எது மொதல்ல வந்த முட்டைன்னு வரிசையா தெரியும்.

எங்க அப்பாயி அரிசிப் பானைக்குள்ள தான் முட்டைய பொதைச்சு வைக்கும். ஒடையாது, சூடும் ஏறாது, நல்ல முறை தான். ஒரே குத்தம் என்னன்னா எத்தனை பொதைச்சோம்னு மறந்துபோவும், பானை காலியாவுறப்ப அடில ஒண்ணு கெடக்கும், அத ஒடைக்கிறதுக்கு யாருக்கும் தைரியம் வராது.

நீங்களே செஞ்சீங்களா இல்ல உங்க வீட்டுக்காரரு செஞ்சு குடுத்தாரா?

நானே தான். அவரு பலகைய புடிச்சுக்கிட்டாரு, அதுவும் புடிக்கக்கூடாதுன்னு அப்பறம் தெரிஞ்சுது (டிரில் கேள்விய பாருங்க).

என்னென்ன சாமான் வேணும்?

18 மில்லி கனத்துல ஒரு பலகை, காலுக்கு ரெண்டு துண்டு சட்டம், 40 மில்லி ஸ்க்ரூ ஆறு, உப்புத்தாள் 80, 120, 220 நம்பர்ல ஒவ்வொண்ணு, கொஞ்சம் ஃபெவிகால், ஸ்கேல், பென்சில், ரம்பம், டிரில்லு, சைஸுக்கு ஏத்த பிட்டு. மூலைமட்டம் இருந்தா நல்லது, இல்லன்னா ஒரு நோட்டுப் புக்கோட மூலைய வச்சே கோடு போட்டுக்கலாம். மரம் வீட்ல கெடந்தா செலவுன்னு பெருசா ஒண்ணும் இல்ல, பிட்டுக்குத் தான் காசு.

எந்த மரம் நல்லது? எங்க கொல்லைல வேம்பு, தென்னை, பூவரசு மூணும் கெடக்கு

மூணுல பூவரசு. வாய்க்கா கரையில, வேலில தானா நிக்கிற மரம்னு யாரும் மதிக்கிறதில்ல, ஆனா உள்கட்டை சாக்லேட் கலர்ல, நெருக்கமான இழையோட, இழைச்சா கண்ணாடி மாதிரி வரும். என்கிட்ட இருக்குறது கஜா புயல்ல சாஞ்ச மரம். 2018 நவம்பர் 16 விடியக்காலைல வேதாரண்யம் பக்கம் கரை ஏறுன புயலு எங்க கொல்லை வரைக்கும் வந்து ரெண்டு பூவரசையும் பலாவையும் படுக்கப் போட்டுட்டுப் போச்சு. மாமனாரு அத வெறகுக்கு விக்க மாட்டேன்னு பிடிவாதமா மில்லுல குடுத்து பலகையா அறுத்து பரண்ல ஏத்திட்டாரு, அன்னைக்கு நாங்க சிரிச்சோம், இப்ப அந்தப் பலகைல தான் பொழப்பு ஓடுது.

வேம்பும் பரவால்ல, பூச்சி சீக்கிரம் வராது, ஆனா அறுக்குறப்ப வர்ற தூசி தொண்டைய கமறும், மூஞ்சில துணி கட்டிக்கோங்க. தென்னை வேணாம், பனையும் வேணாம். நார் நாரா பிரிஞ்சு சிராய் ஏறும், ஓட்டையோட ஓரம் ஒழுங்காவே வராது, இந்த வேலைக்கு ஓரம் தான் எல்லாமே. சவுக்கு காயறப்பவே வெடிக்கும். பலா, தேக்கு, மா, வாகை எது இருந்தாலும் செய்யலாம். தஞ்சாவூர்ல வீணை செய்யறதே பலாமரத்துல தான், அதனால யாராச்சும் பலாப்பலகை குடுத்தா முட்டைக்கு வீணாக்காம மொதல்ல ரெண்டு தடவ யோசிங்க.

வீட்ல ப்ளைவுட் துண்டு கெடக்கு, பார்சல் வந்த பெட்டி மரமும் கெடக்கு, அதுல செய்யலாமா?

ப்ளைவுட்ல தாராளமா செய்யலாம், ஓட்டை ஓரத்துல அடுக்கு பிரியும், உப்புத்தாள் கொஞ்சம் கூட தேய்க்கணும், அவ்ளோதான். எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு, அதாவது மரத்தூள பசை போட்டு அழுத்துன பலகைங்க, ரெண்டும் நம்ம ஊரு ஈரத்துக்கு ஆகாது, ஒரு மழைக்காலத்துல ரொட்டி பால்ல ஊறுன மாதிரி ஊதிக்கும்.

பெட்டி மரம்னா அதுல குத்தியிருக்குற முத்திரைய பாருங்க. எச்.டி.ன்னு இருந்தா சூடு காட்டி பூச்சி கொன்ன மரம், எடுத்துக்கலாம். எம்.பி.ன்னு இருந்தா மெத்தில் புரோமைடுங்குற விஷப்புகை போட்டது, அத சமையக்கட்டுக்குள்ள கொண்டாராதீங்க. முத்திரையே இல்லாம எண்ணெ கறை, மருந்து வாடையோட இருந்தாலும் வேணாம்.

போன வாரம் வெட்டுன மரம், உடனே செஞ்சா என்ன ஆகும்?

வளையும், வெடிக்கும், வட்டமா போட்ட ஓட்டை முட்டை மாதிரியே நீளவட்டமா ஆயிடும். பலகையா அறுத்து, நடுவுல குச்சி குச்சியா வச்சு காத்தோட்டமா அடுக்கி, நெழல்ல காய விடணும். ஒரு அங்குல கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம்னு பொதுவா சொல்லுவாங்க. அவ்ளோ பொறுமை இல்லன்னா மர வாடில, இழைப்பகத்துல போயி காஞ்ச துண்டு கேளுங்க. கதவு, ஜன்னல் செஞ்சு மிஞ்சுன துண்டு எப்பவும் மூலைல கெடக்கும், நமக்கு வேண்டியது ஒரு முழம் கூட இல்ல.

ஓட்டை எவ்ளோ பெருசு போடணும்? இது ஒண்ணு தான் புரியல

இது ஒண்ணு தான் முக்கியமும். நான் பண்ண தப்ப சொல்லிடுறேன். மொத தடவ முட்டைய அளந்தேன், நாலேகால் சென்டிமீட்டர் வந்துச்சு, சரி அது உள்ள போவணும்ல, கொஞ்சம் லூஸா இருக்கட்டும்னு நாலரைக்கு ஓட்டை போட்டேன். பலகைய ரொம்ப அழகா தேய்ச்சு, மெழுகெல்லாம் போட்டு, நாத்தனாரு வந்தப்ப பெருமையா மொத முட்டைய வச்சேன். காணோம். நேரா கீழ எறங்கி மேடைல சிந்திக் கெடக்கு. நாத்தனாரு ஒண்ணும் சொல்லல, தொடைக்கத் துணி மட்டும் எடுத்துக் குடுத்தாங்க.

முட்டை ஓட்டைக்குள்ள போவக்கூடாது, ஓட்டை மேல உக்காரணும். முட்டையோட பெருத்த வயிறு இருக்கே, அந்த அகலத்துல அஞ்சுல நாலு பங்கு, இல்ல அதுக்குக் கொஞ்சூண்டு மேல, அதான் ஓட்டையோட அளவு. அதுக்கும் சின்னதா போட்டா முட்டை மேலயே நின்னு தள்ளாடும், பெருசா போட்டா பிதுங்கி எறங்கி சிக்கிக்கும், எடுக்குறப்ப ஒடையும்.

அளக்க வெர்னியர் மாதிரி அளவுக் கருவி எல்லாம் வேணாம். முட்டையோட வயித்தச் சுத்தி ஒரு நூலக் கட்டி, நூலோட நீளத்த 3.14 ஆல வகுங்க. கடை வெள்ளை முட்டைக்கு நூலு பதிமூணரை சென்டிமீட்டர் கிட்ட வரும், அப்ப அகலம் 43 மில்லி, ஓட்டை 35 மில்லி. எங்க நாட்டுக்கோழி முட்டைக்கு நூலு 12 தான், அகலம் 38, ஓட்டை 31, 32 மில்லி. என் அளவ அப்படியே எடுத்துக்காதீங்க, உங்க வீட்டுக்கு வர்ற முட்டைல ஒரு பத்த அளந்து பாத்துட்டு போடுங்க. பெட்டைக்கோழி குட்டி மொதமொதல்ல இடுற முட்டைய கணக்குல சேக்காதீங்க, அது எப்பவுமே சின்னதா தான் இருக்கும்.

பலகை அளவ சொல்லிடுங்க, நான் அப்படியே வெட்டிக்கிறேன்

பன்னெண்டு முட்டைக்கு, மூணுக்கு நாலு வரிசை: நீளம் 245 மில்லி, அகலம் 170 மில்லி. ஓட்டையோட நடுப்புள்ளிலேருந்து அடுத்த நடுப்புள்ளி 55 மில்லி. நீளவாக்குல ரெண்டு ஓரத்துலயும் 40 மில்லி விட்டு மொத புள்ளி, அகலவாக்குல 30 மில்லி விட்டு. ஆறு முட்டை போதும்னா 190க்கு 115.

55 எதுக்குன்னா, முட்டை 43, 45 வரும், மிச்சம் பத்து மில்லி விரல் போறதுக்கு. நெருக்கி வச்சா ஒண்ண எடுக்குறப்ப பக்கத்துல உள்ளது டொக்குன்னு இடிக்கும். நீளவாக்குல 40 விட்டது கால் ஒட்ட எடம் வேணுமேன்னு.

35 மில்லி பிட்டுக்கு எங்க போறது? என்கிட்ட சுவத்துல ஓட்டை போடுற டிரில் தான் இருக்கு

அந்த டிரில்லே போதும், ஹேமர் சுவிட்ச மட்டும் அணைச்சுடுங்க. பிட்டுக்கு ஒரு சூட்சுமம் இருக்கு. மாடுலர் கிச்சன், அலமாரி கதவுக்கு ஆட்டோ ஹிஞ்சு மாட்டுறாங்கல்ல, அந்த ஹிஞ்சோட கப்பு உக்காருற பள்ளம் சரியா 35 மில்லி. அதனால ஹார்டுவேர் கடையில ஆட்டோ ஹிஞ்சு பிட்டுன்னு கேட்டா யோசிக்காம எடுத்துக் குடுப்பாங்க, அலமாரி வேலை பாக்குற ஆசாரிங்க பைலயும் கண்டிப்பா இருக்கும். நான் மொதல்ல முட்டை ஓட்டை போடுற பிட்டுன்னு கேட்டு கடைக்காரர் என்னய ஒரு மாதிரி பாத்தாரு. 32, 38 வேணும்னா ஸ்பேட் பிட்டு (தட்டையா இருக்குற பிட்டு) இல்லன்னா ஹோல் சா (வட்டமா அறுக்குற ரம்பம், டிரில்லுலயே மாட்டுறது).

பலகைய கிளாம்ப்ல இறுக்கிக் கட்டிட்டு தான் போடணும், இன்னொருத்தர் கையால புடிக்கக் கூடாது. பெரிய பிட்டு மரத்துல கடிச்சுதுன்னா பலகையோட சேந்து சுத்தும், எங்க வீட்டுக்காரரு மணிக்கட்டு ரெண்டு நாள் வீங்கிக் கெடந்துச்சு. வேகம் கொறைச்சு வைங்க, பொகை வந்தா நிறுத்தி ஆற விட்டு பிட்ட தொடைங்க. தாவணி, துப்பட்டா, தொளதொளன்னு கைலி எதுவும் பக்கத்துல ஆடக்கூடாது, தலைமுடிய முடிஞ்சு போட்டுக்கோங்க, கண்ணுக்கு கண்ணாடி.

டிரில்லே இல்லாம முடியாதா?

முடியும், ஓட்டையே இல்லாம. ஓடு வேயறதுக்குப் போடுற ரீப்பர் இருக்குல்ல, அது ரெண்ட இணையா வச்சு நடுவுல இடைவெளி விட்டு, ரெண்டு நுனிலயும் குறுக்குக் கட்டை அடிச்சா முட்டை அந்த இடுக்குல உக்காரும். ஓட்டைக்கு சொன்ன அளவுக்கு ரெண்டு மூணு மில்லி கொறைச்சு விடுங்க, ஏன்னா இதுல முட்டைய ரெண்டு பக்கம் மட்டும் தான் தாங்குது. முட்டைங்க நகந்து ஒண்ணோட ஒண்ணு இடிக்காம இருக்க 55 மில்லிக்கு ஒரு மூங்கில் குச்சிய குறுக்கால ஒட்டிடுங்க. மூணு ரீப்பர் வச்சா ரெண்டு வரிசை. பாக்க ஏணி மாதிரி இருக்கும், எனக்கு என்னமோ ஓட்டைப் பலகைய விட இது தான் புடிக்கும், வீட்ல யாரும் ஒத்துக்க மாட்டேங்குறாங்க.

ஓட்டையோட ஓரம் பிசிர் பிசிரா கிழிஞ்சு வருது, என்ன தப்பு?

ஒரே பக்கத்துலேருந்து முழுசா தள்ளியிருப்பீங்க. பிட்டோட நடு முனை அடிப்பக்கம் லேசா எட்டிப் பாத்ததும் நிறுத்தி, பலகைய திருப்பிப் போட்டு, அந்தப் புள்ளில வச்சு மிச்சத்த எடுங்க. அடில ஒரு வேஸ்ட் பலகையும் வச்சுக்கோங்க.

அதுக்கு அப்பறம் ஓரத்த மழுக்குறது. இத விட்டுட்டு நிறைய பேரு நேரா பாலிஷுக்குப் போயிடுறாங்க. முட்டைய தாங்குறது அந்த ஓரத்துல ஒரு மெல்லிசான வட்டம் மட்டும் தான், அது கூரா இருந்தா கொஞ்சம் அழுத்தி வச்சாலே ஓட்டுல முடி மாதிரி மெல்லிசா வெடிப்பு விழும், அது கண்ணுக்குத் தெரியாது, ரெண்டு நாள் கழிச்சு நாத்தத்துல தான் தெரியும். மோட்டார் கொட்டாயில 32 மில்லி பி.வி.சி. பைப்பு துண்டு கெடக்கும்ல, அதுல 80 நம்பர் உப்புத்தாள சுத்திக்கிட்டீங்கன்னா 35 மில்லி ஓட்டைக்குள்ள கனகச்சிதமா போவும். உள்ள விட்டு திருகி எடுத்துட்டு, மேல் ஓரத்த பைப்ப சாய்ச்சு வச்சு சுத்துங்க. அப்பறம் 120, அப்பறம் 220. விரல விட்டு சுத்துனா எங்கயும் உறுத்தக் கூடாது.

காலுக்கு ஃபெவிகால் போதுமா, ஸ்க்ரூவும் போடணுமா?

170 மில்லி நீளம், 30 மில்லி உசரம், 20 மில்லி கனத்துல ரெண்டு சட்டம், பலகையோட ரெண்டு நுனிலயும் குறுக்கா. முட்டையோட முனை ஓட்டை ஓரத்துலேருந்து ஒன்றரை சென்டிமீட்டர் கிட்ட கீழ தொங்கும், 18 மில்லி பலகைக்கு உள்ளயே அடங்கிடும், ஆனா ரீப்பர், 12 மில்லி ப்ளைவுட்னா வெளிய நீட்டும், அதுக்கும் காத்துக்கும் சேத்து தான் இந்த உசரம்.

சட்டம் முழுக்க ஃபெவிகால் தடவி ஒட்டிடாதீங்க. மரம் மழைக்கு அகலவாக்குல ஊதும், வெயிலுக்கு சுருங்கும், நீளவாக்குல கிட்டத்தட்ட அசையாது. குறுக்க ஒட்டுன காலு அசைய விடாது, அப்ப பலகை வெடிக்கும். நடுவுல மட்டும் ரெண்டு அங்குலத்துக்கு ஃபெவிகால், நடுவுல ஒரு ஸ்க்ரூ டைட்டா. ரெண்டு ஓரத்து ஸ்க்ரூவுக்கும் சட்டத்துல ஓட்டைய கொஞ்சம் பெருசா போட்டு, வாஷர் வச்சு லேசா முடுக்குங்க. ஸ்க்ரூ தலை 5 மில்லி உள்ள பொதையணும், அப்ப 40 மில்லி ஸ்க்ரூ பலகைக்குள்ள 15 மில்லி போவும், மேல எட்டிப் பாக்காது. ப்ளைவுட்டுக்கு இந்த ஊதுற தொல்லை இல்ல, முழுசா ஒட்டிக்கலாம், ஆனா 12 மில்லின்னா 35 ஸ்க்ரூ போடுங்க.

எல்லாம் முடிச்சுட்டேன், வச்சா தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரி ஆடுதுக்கா

ஒரு காலு உசரமா இருக்கு. எதுன்னு கண்டுபுடிச்சு அறுக்கப் போவாதீங்க, இந்தப் பக்கம் அறுத்தா அந்தப் பக்கம் ஆடும், கடைசில காலே இருக்காது. 80 நம்பர் உப்புத்தாள சமமான தரையில விரிச்சு (பழைய செவப்பு சிமெண்ட் தரை இருந்தா அத விட சமமான எடம் கெடைக்காது) ஸ்டாண்ட மேல வச்சு வட்டமா தேய்ங்க. உசரமான காலு தானா கொறையும்.

வார்னிஷ் அடிக்கலாமா? தேங்காண்ணெ தடவுனா போதும்னு எங்க மாமியா சொல்றாங்க

மாமியாகிட்ட பக்குவமா சொல்லுங்க, தேங்காண்ணெ மரத்துல காயவே காயாது, கொஞ்ச நாள்ல சிக்கு வாடை அடிக்கும். நல்லெண்ணெயும் அதே கதி தான்.

முட்டை ஓட்டுல ஆயிரக்கணக்கா நுண்ணிய துவாரம் இருக்கு, அது வழியா காத்தும் போவும் வாடையும் போவும். அதனால வார்னிஷ் அடிச்சா வாடை முழுசா போற வரைக்கும், ரெண்டு மூணு வாரமாச்சும், வெளிய வச்சுட்டு அப்பறம் முட்டை வைங்க. பினாயில், அந்துருண்டை, மண்ணெண்ணெ பக்கத்துலயும் ஸ்டாண்ட வைக்காதீங்க.

நான் போடுறது மெழுகு. மெடிக்கல்ல லிக்விட் பாரஃபின் கிடைக்கும், மலச்சிக்கலுக்குக் குடுக்குறது, வாடையும் கிடையாது கெட்டும் போவாது. அதுல நாலு பங்கு, தேன்மெழுகு ஒரு பங்கு, ஒரு கிண்ணத்துல போட்டு அந்தக் கிண்ணத்த கொதிக்கிற தண்ணில வச்சு உருக்கணும், நேரா அடுப்புல வைக்கக் கூடாது. ஆறுனதும் துணியால தேய்ச்சு, ராத்திரி முழுக்க வச்சு, காலைல மிச்சத்த தொடைச்சுடுங்க. வருஷத்துக்கு ஒரு தடவ திரும்பப் போட்டா போதும். லின்சீட் ஆயில் போடுறவங்க ஒரு விஷயம் பாத்துக்கோங்க, தொடைச்ச துணிய சுருட்டி மூலைல போட்டா அது தானா சூடேறி தீப்புடிக்கும், சும்மா பயமுறுத்தல, நெஜமாவே புடிக்கும். வெளிய கொடில விரிச்சுக் காயப் போடுங்க, இல்லன்னா தண்ணில முக்கிடுங்க.

முட்டைய கூரான பக்கம் கீழயா மேலயா வைக்கிறது?

கூரு கீழ. மழுங்குன பக்கத்துல தான் உள்ள காத்துப்பை இருக்கு, அது மேல இருந்தா மஞ்சக்கரு நடுவுலயே நிக்கும், ஓட்டுல ஒட்டாது. ஓட்டைல நல்லா உக்காருறதும் கூரான பக்கம் தான்.

கழுவிட்டு வைக்கலாமா? நாட்டு முட்டைல எச்சம் ஒட்டியிருக்கே

ஓட்டு மேல இயற்கையாவே மெல்லிசா ஒரு பூச்சு இருக்கு, மேல சொன்ன துவாரத்த அடைக்கிறது அது தான். கழுவுனா அது போயிடும், கிருமி உள்ள போக வழி ஆயிடும். காஞ்ச துணியால, இல்லன்னா தேய்ஞ்ச 220 உப்புத்தாளால லேசா தட்டி எடுத்துட்டு வைங்க, கழுவுறத சமைக்கிறதுக்கு முன்னாடி வச்சுக்கோங்க. கூட்டுல வைக்கோல அடிக்கடி மாத்துனா எச்சமே பெருசா ஒட்டாது.

எத்தனை நாள் வெளிய வைக்கலாம்? ஃப்ரிட்ஜுக்குள்ள இந்த ஸ்டாண்டு போவுமா?

நான் மார்கழி, தைல ரெண்டு வாரம் வரைக்கும் வைப்பேன், சித்திரைல ஒரு வாரத்த தாண்ட விடமாட்டேன். சேவல் சேந்த நாட்டு முட்டைன்னா இன்னும் உசாரு, நம்ம கோடைச் சூட்டுக்கே உள்ள கரு வளர ஆரம்பிச்சு பாதில செத்துக் கெட்டுப்போவும். சந்தேகம் வந்தா தண்ணில போடுங்க. படுத்துச்சுன்னா புதுசு, நிமிந்து நின்னுச்சுன்னா பழசு, அன்னைக்கே தின்னுடுங்க, மெதந்தா கொல்லைல பொதைங்க.

ஃப்ரிட்ஜுல ஆறு ஓட்டைப் பலகை போவும், மெழுகு போட்டதுன்னா ஈரமும் ஒண்ணும் செய்யாது. உள்ள வச்ச முட்டைய திரும்ப வெளிய எடுத்து ஸ்டாண்டுல வைக்கிற வேலை மட்டும் வேணாம், மேல வேர்க்கும், அந்த ஈரம் தான் கெடுதி.

ஒண்ணு ஒடஞ்சு மரத்துல வழிஞ்சிருச்சு, நாத்தம் போவல

சுடுதண்ணி ஊத்தியிருப்பீங்களே. சுடுதண்ணி பட்டா முட்டை மரத்துலயே வெந்து ஒட்டிக்கும். பச்சத்தண்ணில தொடைச்சு, அப்பறம் சோப்புத் தண்ணி, அப்பறம் நெழல்ல காய வைக்கணும். வெள்ளைக்கரு காஞ்சா கோந்து தான், செட்டிநாட்டு வீட்டுச் சுவத்துப் பூச்சுல அத சேத்தாங்கன்னா சும்மாவா. இப்ப காஞ்சு போயிருந்தா ஈரத்துணிய அரை மணி நேரம் போட்டு ஊற வச்சு எடுங்க. அப்பவும் வாடை இருந்தா 120 போட்டு தேய்ச்சுட்டு திரும்ப மெழுகு.

எறும்பு ஏறுது, எலி வேற உருட்டுது. உறி மாதிரி தொங்கவிட்டுடலாமா?

எறும்பு வந்தா மொதல்ல எது கீறியிருக்குன்னு தேடுங்க, முழு முட்டைக்கு எறும்பு பெருசா வராது. எலிக்கு உறி தான் சரி, வெண்ணெய்க்கும் மோருக்கும் நம்ம ஆளுங்க கண்டுபுடிச்சதே அதுக்குத் தானே.

காலு வேணாம், நாலு மூலைலயும் 6 மில்லி ஓட்டை போட்டு கயித்த கீழேருந்து மேல கோத்து அடில முடிச்சு. நாலு கயிறும் ஒரே நீளம் இருக்கணும், மேல ஒரு வளையத்துல சேத்துக் கட்டுங்க. பன்னெண்டு முட்டை முக்கா கிலோ கூட வராது, அதனால கனம் பிரச்சனை இல்ல, ஆட்டம் தான் பிரச்சனை. ஃபேனுக்கு நேரா, ஆளு தலை இடிக்கிற எடத்துல மாட்டாதீங்க. ஒரு ஓரத்துலேருந்தே வரிசையா எடுத்துக்கிட்டே வந்தா பலகை சாயும், அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம் ஒண்ணுன்னு எடுக்கணும். இது சொல்லியும் எங்க வீட்ல ஒருத்தரும் கேக்கல, சாஞ்சு நாலு முட்டை போச்சு, இப்ப உறி எறங்கி மேடைக்கே வந்துடுச்சு.

வாத்து முட்டை, நாட்டு முட்டை, காடை முட்டை எல்லாம் ஒரே பலகைல வைக்கணும்

அறுவடை முடிஞ்சு வயல்ல வாத்துக் கூட்டம் எறங்குற மாசத்துல எங்க வீட்லயும் இதே கூத்து தான். நூல் கணக்கு மேல சொல்லிட்டேன், வாத்துக்கு நூலு பதினாலரை வரும், ஓட்டை 38. காடைக்கு நூலு 8, ஓட்டை 20. வாத்து வரிசைக்கு மட்டும் நடுப்புள்ளி தூரத்த 60 ஆக்கிக்கோங்க. ஒரே அளவு தான் போட முடியும்னா 35 போடுங்க, வாத்து முட்டை கொஞ்சம் எக்கி நிக்கும் ஆனா விழாது, நாட்டு முட்டை ஆழமா உக்காரும் ஆனா எறங்கிடாது. காடைய கிண்ணத்துல போட்டுக்கலாம்.

அடை வைக்க எடுத்து வைக்கிற முட்டையையும் இதுல வைக்கலாமா?

வைக்கலாம், சொல்லப்போனா அதுக்குத் தான் ரொம்ப உபயோகம். கூரு கீழ, கழுவாம, ஃப்ரிட்ஜுல வைக்காம, வீட்லயே குளுமையான மூலையா பாத்து. ஏழு நாளுக்குள்ள கோழிக்கு அடில போயிடணும், அப்பறம் பொரியறது கொறையும். தேதிய பென்சிலால எழுதுங்க, ஸ்கெட்ச் மை உள்ள எறங்கும். கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்து முட்டை 28 நாள், ரெண்டையும் கலந்து ஒரே கோழிகிட்ட வச்சீங்கன்னா குஞ்சு வந்ததும் அது எழுந்து போயிடும், வாத்து முட்டை அம்போன்னு நிக்கும்.

மழைக்காலத்துல பலகை வளைஞ்சிருச்சு, அடில பச்சையா பூசணம் வேற

மேல் பக்கம் மட்டும் மெழுகு போட்டுட்டு அடிப்பக்கத்த விட்டிருப்பீங்க. ஒரு பக்கம் ஈரம் குடிக்கும், இன்னொரு பக்கம் குடிக்காது, அப்ப வளையாம என்ன பண்ணும். ரெண்டு பக்கம், ஓட்டைக்கு உள்ள, வெட்டுவாய் (பலகைய குறுக்க அறுத்த நுனி) எல்லாத்துக்கும் ஒரே மாதிரி போடணும். வெட்டுவாய் தான் ஈரத்த ரொம்ப உறியும், அங்க ரெண்டு தடவ.

இப்ப வளைஞ்சத கால கழட்டிட்டு, குழிஞ்ச பக்கத்த ஈரத்துணில வச்சு, மேல அம்மிக்குழவிய ஏத்தி ரெண்டு நாள் விட்டுப் பாருங்க, லேசான வளைவுன்னா நிமிரும். பூசணத்த தேய்ச்சு எடுத்து, வெயில்ல ஒரு மணி நேரம் காட்டி, அப்பறம் மெழுகு. தேய்ச்சும் கருப்பா உள்ள எறங்கியிருந்தா அந்தப் பலகைய வேற எதுக்காச்சும் வச்சுக்கோங்க, முட்டைக்கு வேணாம்.

செஞ்சு விக்கலாமா?

எனக்கு ஒண்ணு செய்ய ஒரு நாள் பூரா ஆவுது, அதுல பாதி உப்புத்தாள் தேய்க்கிறது. அந்தக் கூலிய போட்டு வெல சொன்னா வாங்குறவங்க ஓடிடுவாங்க. கல்யாணத்துக்கு, கிரகப்பிரவேசத்துக்கு குடுக்குறேன்.

ஹோல் சா போட்டா வட்டமா துண்டு விழுதே, அத என்ன பண்றது?

தூக்கிப் போடாதீங்க. நடுவுல ஏற்கனவே ஓட்டை இருக்கும், சக்கரம் மாதிரி. 38 மில்லி ஹோல் சாவுல பன்னெண்டு ஓட்டை போட்டா பன்னெண்டு சக்கரம், பெரியவன் மூணு வண்டி செஞ்சுட்டான், சின்னவ ஒண்ண ஒடச்சுட்டா, மிச்சம் ரெண்டு இப்ப வாசல்ல ஓடிக்கிட்டிருக்கு.